இடுப்பளவும் முப்பத்தாறு படிகளும்

என் அண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பது வருடமாக அவள் தையல் கடையில் காஜா எடுத்து, பட்டன் வைக்கிறவள் நான். "நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன்" என்று அவள் சொன்ன பொய்களைத் தைத்தால் ஊருக்கே சட்டை போடலாம்.

வீடு கீழே, கடை இரண்டாவது மாடியில். நடுவே முப்பத்தாறு படி. அண்ணிக்கு அறுபத்து நாலு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. மாடி வளைவில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவாள். ஒருநாள் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. மகன் வந்து தூக்கிவிட்டான். தூக்கிவிட்ட கையோடு, "போதும்மா, கடைய மூடிடலாம்" என்றான்.

அண்ணி அழுதே விட்டாள். மிஷின் சத்தம் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கடைசியில் மகன் ஒரு கெடு வைத்தான். மூன்று மாதம் உடற்பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், இடுப்பு நாலு இன்ச் குறைய வேண்டும். குறைந்தால் கடை இருக்கும்.

போனாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. அரை மணி நேரம் வேகநடை, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. "இந்தப் பொண்ணு என்னைக் கொன்னுட்டுதான் விடுவா" என்று பயிற்சி தருகிறவளைத் திட்டுவாள். முதல் மாதம் உட்கார்ந்துகொண்டு திட்டினாள். மூன்றாவது மாதம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டே திட்டினாள்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் நானே அளந்து பார்த்தேன். நாற்பத்து நாலு, நாற்பத்து மூன்றாகியிருந்தது. ஒரே ஒரு இன்ச்! அண்ணி அலமாரியைத் துழாவி ஒரு பழைய டேப்பை எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டு இழுபட்டு நீண்டுபோனது. துணி மூட்டை கட்ட வைத்திருந்தாள். அதில் அளந்தால் மூன்று இன்ச் குறைத்துக் காட்டும்.

"அண்ணி, இது அநியாயம்."

"நீ வாயை மூடிட்டு பட்டன வை."

மறுநாள் வீட்டில் மகன் அந்த டேப்பால் அளந்தான். கச்சிதமாக நாற்பது. அவன் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"இதென்னம்மா, கோடெல்லாம் இவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கு? மேல கடையில இரும்பு ஸ்கேல் இருக்குல்ல, வெச்சுப் பாத்துடலாம்."

அவன் செருப்பை மாட்டுவதற்குள் அண்ணி கிளம்பிவிட்டாள். ஸ்கேலை ஒளித்துவைக்கத்தான், வேறெதற்கு? "அம்மா, நில்லு!" என்று அவன் பின்னாலேயே ஓடினான். இந்தக் கூத்தை விடுவேனா, நானும் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி மிஷின் முன்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஸ்கேல் அவளுக்கு அடியில். மகன் கதவைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான்.

"ஸ்கேல்... எங்கம்மா?"

"முதல்ல மூச்ச விடுடா. தண்ணி வேணுமா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு திரும்பிப் படிகளைப் பார்த்தான். "வழியில ஸ்டூல்ல உக்காரலையாம்மா?"

அண்ணிக்கே அப்போதுதான் உறைத்தது. கழுத்தை நீட்டி, கதவு வழியே படிகளை எட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு படியும் ஒரே மூச்சில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகன் டேப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தான். "கடைய நீயே நடத்தும்மா. அந்த ஸ்டூல எடுத்துடலாம்."

"அது அங்கேயே கெடக்கட்டும்" என்றாள் அண்ணி, ஸ்கேலை விட்டு எழாமலே. "அடுத்த தடவ நீ ஏறும்போது வேணும்."