ஆரோக்கியமேரியும் பழனி ரோட்டு டிரைவர்களும்

காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரெட்டியார்சத்திரத்தில் எங்களோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி பேசினாள். "சரோசாக்கா, நம்ம மேரியக்கா போயிட்டாங்க." என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எந்த வண்டிடீ?" என்பதுதான். "வண்டியெல்லாம் இல்லக்கா. ராத்திரி படுத்தவங்க எந்திரிக்கல. நெஞ்சுவலியாம்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த அழுகைக்கு நடுவே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அத்தனை வருஷம் பழனி ரோட்டில் சைக்கிள் மிதித்தவளை அந்த டிரைவர் தடிமாடுகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தன் கட்டிலில், தன் தலையணையில் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டு வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'பொறுமையின் சிகரமே' என்று போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான் மேரியோடு ஒரு மைல் தூரம்கூட சைக்கிளில் போனவனாக இருக்க முடியாது. அவளை அறிந்தவர்களும் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அதையேதான் சொன்னார்கள். பொறுமைசாலி என்றால் எதிராளிக்கு மனதில் ஓரிடம் கொடுத்து, பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்பவர். மேரி அந்த டிரைவர்களுக்கு மனதில் கால் வைக்கக்கூட இடம் கொடுத்ததில்லை. அவளிடம் இருந்தது சுத்தமான இளக்காரம். அதை எல்லோரும் சாந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளில் நானும் அவளும் கிராம சுகாதார நர்சுகள். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தை வாங்கி, ஐஸ் அடுக்கிய நீலப் பெட்டியில் வைத்து, சைக்கிள் கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். கொஞ்ச தூரம் பழனி ரோட்டில் போய்த்தான் ஊர்ப் பாதைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எமன் கடை போட்டிருந்தான். தக்காளி அழுகுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டிய ஒட்டன்சத்திரத்து லாரி ஒரு பக்கம். அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் நாலு பேருக்காக இன்னொரு பஸ்ஸோடு பந்தயம் விடும் தனியார் பஸ் மறுபக்கம். சாமி பாட்டை அலறவிட்டுப் போகும் வேன்காரர்கள், முருகனைப் பார்க்கும் அவசரத்தில் எங்களை மேலே அனுப்பப் பார்ப்பார்கள். வாய்க்கு வெற்றிலை, கைக்கு ஹாரன் என்று கொடுத்த ஆண்டவன், மண்டைக்கு மட்டும் ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிட்டான்.

நாங்கள் சேர்ந்து போன முதல் புதன்கிழமையே ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு வந்து மண்ணில் இறக்கிவிட்டது. எனக்கு உச்சி மண்டையில் ஏறியது. "ஏலே, கட்டையில போறவனே! ஒங்காத்தா ஒன்னய பெத்தாளா, இல்ல ஒர்க்‌ஷாப்புல செஞ்சு வாங்குனாளா?" என்று கத்திக்கொண்டே கல்லைத் தேடினேன். கல் கிடைப்பதற்குள் பஸ் கண்ணுக்கு மறைந்துவிட்டது. மேரி காலை ஊன்றி நின்று, பெட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். புழுதி அடங்கும் வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கத்தி முடிச்சிட்டியா? ஐஸ் உருகுது, வா" என்றாள்.

போகும் வழியில் நான் விடவில்லை. உனக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று கேட்டேன். அவள் மிதிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "எதுத்தாப்புல எருமை வந்தா ஒதுங்கிக்கிறோம். அதுகிட்டப் போயி நாயமா கேக்குறோம்? கோவப்படுறதுக்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேணும் சரோசா. இவனுகளுக்கு அது இல்ல."

அவள் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பின்னால் ஹாரன் அடித்தால் தலையைத் திருப்ப மாட்டாள். திரும்பினால் ஹேண்டில் ஆடும் என்பாள். நேராகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் மெதுவாக இறங்குவாள். வண்டி கடந்து போகும்போது ஜன்னலில் இருந்து ஏதாவது அசிங்கமாகக் கத்திவிட்டுப் போவார்கள். அவள் முகத்தில் ஈ உட்கார்ந்த சலனம்கூட இருக்காது. "அவனுக்கு நம்ம மூஞ்சியில பயத்தப் பாக்கணும். இல்லாட்டி கோவத்தப் பாக்கணும். ரெண்டுல எதக் குடுத்தாலும் அன்னைக்கு அவனுக்குத் தீவாளி. ஒண்ணும் குடுக்காத" என்பாள். எனக்கு அந்த வித்தை வாய்க்கவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். அவள் குழந்தைகளைக் கொஞ்சிக்கொண்டு ஊசி போடத் தொடங்கியிருப்பாள்.

ஆயுத பூஜை முடிந்த காலையில் நடந்ததை மறக்க முடியாது. முதல் நாள் ஒவ்வொரு வண்டிக்காரனும் கண்ணேறு கழித்திருந்தான். தன் வண்டிக்கு விபத்து வரக்கூடாதென்று நடு ரோட்டில் பூசணிக்காயை உடைத்துப் போட்டு, பின்னால் வருகிறவனை வழுக்கிவிடும் புத்திசாலிகளை வேறு எந்தச் சீமையிலும் பார்க்க முடியாது. குங்குமம் தடவிய சதையில் மேரியின் முன்சக்கரம் ஏறியது. சைக்கிளும் அவளும் ஒன்றாக விழுந்தார்கள். பின்னால் வந்த லாரி கிறீச்சென்று நின்றது. அதன் பம்பர் அவள் தலைக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்றான்.

மேரியின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவள் முதலில் பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பிகளைப் பார்த்தாள். மூடினாள். பிறகுதான் நிமிர்ந்து, "சொல்லிட்டுத்தாம்ப்பா வந்தேன். நீ சொல்லிட்டு வந்தியா?" என்றாள். குரலில் ஒரு சுருதி கூடவில்லை. ஒரு தாய் பிள்ளையை விசாரிப்பது போலத்தான் கேட்டாள். அவன் நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் எழுந்து, சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைச் செருப்புக் காலால் ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினாள். அதுவரை அந்த லாரி உறுமிக்கொண்டு நின்றது.

ஆனால் அன்று சாயங்காலம் அவள் அழுதாள். மில்லில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர் முழங்கைக் கட்டைப் பார்த்ததும் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். இனி பஸ்ஸில் போ, முடியாவிட்டால் ஆபீசில் உட்காரும் வேலையாகக் கேட்டு வாங்கு என்றார். பஸ் பெரிய ரோட்டோடு சரி. அவள் போகவேண்டிய ஊர்களுக்கு உள்ளே வண்டிப் பாதைதான் உண்டு. சைக்கிள் போனால் அந்த ஊர்களும் போயிற்று. என் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "காட்டுக்குள்ள இருக்க அம்புட்டுப் பொம்பளையும் புதன்கிழமை என்னயத்தான பாத்துக்கிட்டு இருக்காளுக? ரோட்ட இவனுகளுக்கு எழுதிக் குடுத்துட்டு நான் மூலையில ஒக்காரவா?" டிரைவர்களால் வரவழைக்க முடியாத கண்ணீரைப் புருஷன் வரவழைத்துவிட்டார். அவள் அவரோடும் சண்டை போடவில்லை. அடுத்த புதன்கிழமை விடிந்ததும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டாள். மனுஷன் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். காற்றும் அவரே அடித்துக் கொடுத்தாராம்.

எங்களை வாராவாரம் மண்ணில் இறக்கிவிடும் பஸ் டிரைவர் ஒருவன் உண்டு. ஒட்டன்சத்திரத்துப் பக்கம். மேரி வேலை பார்க்கும் ஊரில்தான் அவன் மகள் வாக்கப்பட்டிருந்தாள். அவளுக்கு வலி கண்டபோது மேரிதான் போய்ப் பிரசவம் பார்த்தாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். பேரனைப் பார்க்க வந்தவன் மேரியைக் கண்டதும் கூனிக் குறுகி, "ஏனுங்க நர்சம்மா, தெனமும் அந்த பஸ்ஸுல வர்றது நானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். மேரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த பஸ்ஸுப்பா?" என்றாள். நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே அவன் முகம் தெரியாது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவன் அப்படிச் சுருங்கியிருக்க மாட்டான்.

அதன் பிறகு அவன் திருந்திவிட்டான் என்று நினைத்தால் உங்களைப் போல வெகுளி கிடையாது. தெரிந்தவர்கள் ஆகிவிட்டோம் அல்லவா? தூரத்தில் எங்களைக் கண்டதுமே விடாமல் ஹாரன் அடிப்பான். பக்கத்தில் கொண்டுவந்து, ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடு போட்டுக்கொண்டே கடப்பான். மேரி விழுந்து விழுந்து சிரிப்பாள். "முன்னாடி தெரியாம இடிக்க வந்தான். இப்பப் பாசத்துல வாரான். பாசந்தான் பயமா இருக்கு சரோசா."

அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனபோது கொஞ்ச தூரம் அந்த ரோட்டில்தான் போக வேண்டியிருந்தது. பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ரோடு அடைக்க நடந்தோம். பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. சாவு என்று தெரிந்தும் விடாமல் அடித்தான். மேரியின் மகனோடு படித்த பையன்கள் கொதித்துப் போய்த் திரும்பினார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டான். என் நாக்கு நுனியிலும் அந்த டிரைவரின் வம்சம் முழுவதற்கும் சேர்த்து வசவு வந்து நின்றது. ஆனால் அவள் தலைமாட்டில் ஒரு கைகலப்பு நடந்து, அந்தப் பயல் அவள் சாவிலும் ஒரு தீபாவளி கொண்டாடிவிட்டுப் போவதா?

"ஒருத்தரும் திரும்பாதீக. அவன் அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். நடங்க" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. செருப்பைக் கழற்றியவன் திரும்பவும் மாட்டிக்கொண்டான்.

எனக்குக் கோபம் போகவில்லை. என் கட்டையோடுதான் அது வேகும். ஆனால் அதை எவனுக்குக் கொடுப்பது, எவனுக்கு மறுப்பது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் ஹாரன் தானாக ஓய்ந்தது. தன் காலமெல்லாம் மண்ணில் இறங்கி வழிவிட்டவள் அன்று நடு ரோட்டில் போனாள். ஒதுங்க இடம் இருந்தும் நாங்கள் ஒதுங்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் வரை, எங்கள் நடைக்கு நடை, அந்த பஸ் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.