அமெரிக்கப் பொடியனை விசாரித்த கதை

என் அண்ணை ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கத் தொடங்கினால், அந்த மாப்பிள்ளையின் பல் டொக்டர்கூடத் தப்ப முடியாது. லண்டனில் மனோர் பார்க்கிலிருந்து பிளேஸ்டோ வரை நடந்த எங்கள் ஆட்களின் கலியாணங்களில் பாதிக்கு அவர்தான் விசாரிப்பு. பொடியன் வேலை செய்யும் கடையில் சாமான் வாங்குவதுபோல் போய் நிற்பார். அவன் கார் நிறுத்தும் விதத்தை எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் இருந்து பார்ப்பார். கேட்கிறவர்களிடம் ஒருநாளும் கலியாணம் என்று சொல்லமாட்டார். "வேலைக்கு ஒரு ஆள் எடுக்கிறம், அதுதான் கேக்கிறன்" என்பார். இந்தப் பொய்யை அவர் இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அவர் வாயிலிருந்து 'வேலை' என்று வந்தாலே எல்லோரும் தங்கள் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குப் படத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு. என் மனுசன் பஸ் ஓட்டப் போயிருந்தார். மகள் முன்னறைத் தொலைக்காட்சியில் தன் கணினியை இணைத்து, தலைக்கவசம் போட்ட ஒருவன் பின்பக்கமாக ஓடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவன் ஓடுகிறான். நான் மீன் வெட்டி, கழுவி, குழம்பும் வைத்து இறக்கிவிட்டேன், அவன் இன்னும் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தான்.

"ஆர் உந்தப் பொடியன்?" என்றார் அண்ணை, சப்பாத்தைக் கழற்ற முன்பே.

மகள் பாதி ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழாக்கி எழுதுகிறேன். அவள் வேலை செய்வது ஒரு சின்னக் கம்பனி. அமெரிக்கப் புட்போல் ஆட்டங்களை ஒவ்வொரு நொடியாகப் பார்த்து, ஆட்டக்காரர்களை எடைபோட்டு, அந்த அபிப்பிராயத்தை விற்பார்கள். லண்டனில் இருந்துகொண்டு, அந்த ஆட்டத்தை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காமல், இதையும் ஒரு வேலையென்று செய்யலாம் என்பது எனக்கு இன்றைக்கும் நம்பமுடியாத விஷயம். ஆனால் முன்பு கவுன்சில் தொலைபேசியில் இருந்து நாள் முழுக்க ஆட்களிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை, இந்த வேலைக்குப் போன பிறகுதான் காலையில் பாட்டு முணுமுணுத்தாள். இன்னும் தவணை வேலைதான். நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று திங்கட்கிழமை முடிவு. அதற்கு அவளுக்குக் கிடைத்த பரீட்சை இந்தப் பொடியன். அவன் தேறுவானா மாட்டானா என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

"இவனை இப்பதான் ஒரு குழு எடுத்திருக்கு, மாமா," என்றாள். "வருசா வருசம் பல்கலைக்கழகப் பொடியளைக் குழுக்கள் முறை வைச்சு எடுப்பினம். எந்தக் குழு எடுக்குதோ அங்க போகோணும்."

"பொடியனுக்கு விருப்பமோ எண்டு கேக்கிறேல்லையோ?"

"இல்லை."

"நல்ல முறை," என்றார் அண்ணை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தொலைக்காட்சிக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டார். மீன் குழம்பு ஆறத் தொடங்கியது.

பொடியனின் இடத்துக்குப் பெயர் கோர்னர்பேக். மகள் விளக்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். எதிரணியில் பந்து பிடிக்கிறவன் ஒருவன் இருப்பான். அவனோடு ஒட்டிக்கொண்டு ஓடி, அவன் கையில் பந்து விழாமல் பார்ப்பது இவன் வேலை. அவன் எங்கே ஓடப்போகிறான் என்று அவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. நன்றாகச் செய்தால் அந்தப் பக்கம் பந்தே வராது, ஆகையால் இவனை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஒருமுறை பிழைவிட்டால் ஊர் முழுக்கப் பார்க்கும்.

"இது மருமகள் வேலையல்லோ," என்றேன் நான். மகள் சிரித்தாள். அதை எழுதிக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள்.

அண்ணை சிரிக்கவில்லை. அவர் வேலையில் இறங்கிவிட்டார். "விளையாடாத நேரம் காட்டு," என்றார். விளையாடும்போது எவனும் நல்லவன்தானாம். மகள் தேடி, பொடியன் கரையில் நின்று தண்ணீர் குடிக்கும் இடத்தைக் காட்டினாள்.

"போத்திலை நிலத்தில எறியிறான்."

"எல்லாரும் எறியிறவை, மாமா."

"எல்லாரும் எறிஞ்சா? தாய் தேப்பன் ஆர்? சகோதரங்கள் கலியாணம் முடிச்சிட்டினமோ?"

"அது தேவையில்லை, மாமா."

"அது தேவையில்லாமல் எப்பிடிப் பிள்ளை ஒருத்தனைத் தேறுவான் எண்டு சொல்லுவாய்?"

அப்புறம் அவள் அந்த விழுகையைக் காட்டினாள். பல்கலைக்கழகத்தில் அவன் விளையாடிய கடைசிப் பெரிய ஆட்டம். பந்து பிடிக்கிறவன் ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் திரும்ப, நம்முடைய பொடியன் கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். மற்றவன் பந்தைப் பிடித்து, விழுந்துகிடந்தவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி எல்லைக்கோடு வரை நடந்தே போனான். அந்தத் துண்டை அமெரிக்கா முழுக்கப் பார்த்ததாம். அதற்குப் பாட்டுப் போட்டு ஆடியிருக்கிறார்களாம். மகளின் கந்தோரில் எல்லோருடைய அபிப்பிராயமும் அந்த விழுகையில் தொடங்கி அதிலேயே முடிகிறது. இவள் ஒருத்திதான் அவன் தேறுவான் என்கிறாள்.

எனக்கு அந்தப் பொடியன்மேல் அந்த இடத்தில்தான் இரக்கம் வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. மகளுக்குப் பேசி, நிச்சயம் செய்து, மண்டபம் எடுத்து, தாலிக்குப் பொன்னுருக்க நாளும் வைத்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு தொலைபேசி அழைப்பில் வேண்டாம் என்றார்கள். காரணம் அவர்கள் பொடியனுக்கு வேறு விருப்பம். ஆனால் ஃபாரஸ்ட் கேட் மரக்கறிக் கடையில் இன்றைக்கும் என் மகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவள் என்ன படித்தாள், என்ன வேலை செய்கிறாள், ஒன்றும் வராது. "கலியாணம் குழம்பின பிள்ளையல்லோ" என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கடையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவர்களுடைய வெண்டிக்காயும் முற்றல்.

"வீடியோவில குணம் தெரியாது. ஊரில கேக்கோணும்," என்று அண்ணை முடிவெடுத்தார். பொடியனின் ஊரைக் கேட்டார். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் என் மச்சாள், என் மனுசனின் தங்கச்சி, தாதியாக இருக்கிறாள். மகள் வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று கத்தக் கத்த, அண்ணை குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குக் கேட்டது இதுதான்.

"ஓம் தங்கச்சி, ஒரு பொடியனை விசாரிக்கோணும். எங்கட பிள்ளையின்ர வேலை விசயமாய்த்தான். இல்லை, இல்லை, உண்மையாய் வேலை விசயம்தான்."

முப்பது வருடத்தில் முதல்தடவையாக என் அண்ணை உண்மை சொன்னார். மச்சாள் நம்புவாளா?

ஞாயிற்றுக்கிழமை மாலை மச்சாள் என் கைத்தொலைபேசியில் வீடியோ அழைப்பில் வந்தாள். பட்டுச்சேலை. நெற்றியில் பெரிய பொட்டு. அங்கே அப்போதுதான் மத்தியானம். அவளோடு வேலை செய்கிற ஒருத்தியும் பொடியனின் தாயும் ஒரே தேவாலயமாம். பூசை முடிய, பட்டர் கேக்கும் ஒரு தட்டு ரோல்ஸும் கொண்டு நேரே வீட்டுக்கே போய்விட்டாள். லண்டனில் இருந்து விசாரிக்கிறார்கள் என்று சொன்னதும் அந்த மனுசியும் யாரோ பெரிய ஆட்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டிருக்கிறாள்.

"தங்கமான சனம், மச்சாள்," என்றாள். "வீடு பளிச்செண்டு கிடக்கு. பொடியன் ஒவ்வொரு நாளும் தாய்க்குப் போன் எடுக்கிறானாம். குடி இல்லை. பிறந்த நேரம்தான் வடிவாய்த் தெரியாதாம், விடியப்புறமெண்டு மட்டும் ஞாபகமாம். அதுக்கு உங்கட சாத்திரியார் ஏதும் செய்வார்தானே. நான் எங்கட பிள்ளையின்ர படமும் காட்டினன். பெட்டை நாள் முழுக்க உங்கட மகனைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாளாம் எண்டும் சொன்னன்."

மகள் தலையணையை முகத்தில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அண்ணை மட்டும், "தாய் என்ன சொன்னவ?" என்று கேட்டார், தொழில் தொழில்தான் என்பதுபோல்.

"வடிவான பிள்ளை எண்டவ. ரோல்ஸ் நாலு சாப்பிட்டவ. நான் விடேல்லை, எங்கட பக்கத்தையும் சொல்லிப்போட்டன். படிச்ச பிள்ளை, பொறுமையான பிள்ளை, இதுதான் முதல் பேச்சு, முந்தி ஒண்டும் குழம்பேல்லை எண்டு. அவ கேக்கேல்லை. நானாத்தான் சொன்னன்."

மச்சாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். ஆனாலும் நான் மகளைத்தான் பார்த்தேன். மகள் மாடிக்கு ஓடிப்போய்க் கதவை அடிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் தலையணையை எடுத்துவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டாள். பொடியன் மறுபடி குப்புற விழுந்தான்.

"இதைப் பாத்திட்டம்தானே," என்றார் அண்ணை.

"நிப்பாட்டாதேங்கோ மாமா. எல்லாரும் இதில நிப்பாட்டிப்போடுவினம்."

ஆட்டம் ஓடியது. எதிரணி மறுபடி பந்தோடு வந்தபோது, விழுந்தவன் பயந்திருப்பான் என்று தெரிந்து, முதல் பந்தையே அவன் பக்கம் எறியத் தயாரானார்கள். அடிபட்ட கோர்னர்பேக் அடுத்தமுறை பத்தடி தள்ளித்தான் நிற்பானாம், அதுதான் வழமையாம். இவன் முன்னுக்கு வந்தான். தன்னைப் பார்த்துச் சிரித்தவனுக்கு முகத்துக்கு முகம், மூச்சுப் படுகிற தூரத்தில் போய் நின்றான். பந்து வந்தது. இவன் விரல் நுனி பட்டு நிலத்தில் விழுந்தது. அவ்வளவுதான். ஒருவரும் கைதட்டவில்லை.

"இதுதான் என்ர அபிப்பிராயம்," என்றாள் மகள். பிறகு கைத்தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "மாமி, பொடியன்ர தாய்க்குத் திருப்பி எடுத்துச் சொல்லுங்கோ. முதல்ல, இது கலியாணம் இல்லை. ரெண்டாவது, எனக்கு ஒண்டு குழம்பினது. குழம்பினது எண்டு சொல்லுங்கோ. அதுக்கு அடுத்த சனிக்கிழமை நான் என்ன செய்தனான் எண்டும் சொல்லுங்கோ. அதுக்குத்தான் எனக்குப் புள்ளி போடோணும்."

அந்தச் சனிக்கிழமை எனக்கு நல்ல ஞாபகம். அவளுக்கென்று எடுத்த அதே மண்டபத்தில் அன்றைக்கு வேறு ஆட்களின் கலியாணம், எங்களுக்கும் அழைப்பு இருந்தது. போகவேண்டாம் என்று நான் தலைகீழாக நின்றேன். அவள் தன் கலியாண எழுத்துக்கென்று எடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். மண்டபத்தில் மணவறைக்கு நேரே முன்வரிசையில் போய் இருந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. மானத்தை வாங்குகிறாளே என்று கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தேன். சாப்பாடும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையைப் பறித்துச் சூட்கேசின் அடியில் போட்டுப் பூட்டினேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அந்தப் பொடியன் முன்னுக்கு வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் அழுகை வந்தது. வெங்காயம் என்று சொல்லக் கையில் வெங்காயமும் இல்லை.

திங்கட்கிழமை நான் ஒரு வேலையும் ஓடாமல் யன்னலடியில் நின்றேன். அண்ணையும் வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லும் நாட்களில் இருப்பதுபோலவே தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் எலிசபெத் லைன் ரயிலில் வந்து இறங்கி, கேற்றடியிலேயே எங்கள் இரண்டு தலைகளையும் கண்டுவிட்டாள்.

"நான் வீடியோவை நிப்பாட்டாமல் ஓட விட்டன். சிரிச்சவை. பிறகு சிரிக்கேல்லை," என்றாள். "நான் சொல்லுறது பிழையாத்தான் இருக்கும் எண்டு கந்தோர்ப் பெரியவர் சொன்னார். ஆனா முழுக்கப் பாத்தது நான் ஒராள்தானாம். அதாலை நிக்கட்டாம்."

"நிரந்தரமோ?" என்றார் அண்ணை.

"ஓம் மாமா."

அவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். அதே நேரம் மச்சாளின் குரல்செய்தி வந்தது. பொடியனின் தாய்க்கு எல்லாவற்றையும் திருத்திச் சொல்லிவிட்டாளாம். கலியாணம் இல்லை என்றதும் அந்த மனுசிக்குக் கொஞ்சம் கவலையாம், ரோல்ஸ் நல்லாயிருந்ததாம். குழம்பிய கதையையும் சேலைக் கதையையும் இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டாளாம். பிறகு சிரித்தாளாம். கடைசியில் சொன்னாளாம், "அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, அவள் தேறுவாள்" என்று.

பொடியன் தேறுவானா என்பது இன்னும் தெரியவில்லை. அதற்கு வருடங்கள் ஆகுமாம். அவனைப் பார்த்துச் சிரித்தவனின் தொலைபேசி எண்ணை அண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், பகையாளியிடமும் கேட்காமல் அவர் ஒரு விசாரிப்பை முடிப்பதில்லை.

நான் மாடிக்குப் போய்ச் சூட்கேசைத் திறந்தேன். சேலையில் பூச்சி உருண்டை மணம். அதை உதறி மகளின் அலுமாரியில், அவள் தினம் போடும் உடுப்புகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாற மாசம் கோயில் மண்டபத்தில ஒரு கலியாணம் இருக்கு," என்றேன். "இதைக் கட்டு. முன்னுக்கு எனக்கும் ஒரு இடம் பிடி."