வரிசையின் கடைசியில் ஞானப்பூ அக்கா

மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது முக்கூடலிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னார்: "தையல் வாத்திச்சியம்மா எங்கூருக்குச் சொந்தக்காரவுக வீட்டுக்கு வந்த எடத்துல நேத்து தவறிட்டாக. நாலு நாள் காய்ச்சல்தான்." துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

அன்றே நம் சபைப் பத்திரிகைக்கு எழுதியிருக்க வேண்டும். மகனுக்குச் சளி, பிறகு பேதி. அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே ஒரு மாதம் போய்விட்டது. பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த ஞானப்பூ அக்காவோடு வேலை பார்த்தவள் நான். அவரை அறிந்த உங்களுக்காகத் தாமதமாகவாவது எழுதுகிறேன்.

நம் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பெண்கள் எழும் வரிசை உங்களுக்குத் தெரியும். முதலில் குருவானவரின் மனைவி ஐயரம்மா, பிறகு பழைய குடும்பங்கள். தெற்குக் குடியிருப்பிலிருந்து புதிதாகச் சபையில் சேர்ந்தவர்கள் கடைசி. எல்லாரும் ரசம் குடிப்பது ஒரே பாத்திரத்தில். அதனால்தான் அந்த வரிசை. அக்கா இரண்டாவதாகவே போகலாம், அப்படிப்பட்ட குடும்பம். ஆனால் கடைசிப் பெண்ணும் போன பிறகுதான் எழுவார்.

அவருடைய சித்தி ஒருநாள் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏட்டி, உனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்னையக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுதது?"

"கூப்பிடாண்டாம் சித்தி. ஒரு இலை மிச்சம்."

உண்மையாகவே மூன்று கல்யாணங்களுக்கு அழைக்கவில்லை. அந்த மூன்று மணப்பெண்களும் உடுத்திய ரவிக்கைகள் அக்கா தைத்தவை!

மகன் பிறந்தபின் நான் இரண்டாம் முறையாகத் திருவிருந்துக்குப் போன ஞாயிறு, அவன் அழுவான் என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அக்கா. மறுபக்கம் தெற்குக் குடியிருப்புச் சாராள். நான் எழுவதற்குள் எங்கள் தெருக்காரர்கள் போய்வந்துவிட்டார்கள். இனிப் போனால் சாராளுக்குப் பின்னால்தான்.

"பால் குடிக்கிற பிள்ளை அக்கா. யாருக்கு என்ன நோவோ" என்று முணுமுணுத்தேன்.

"ஐயரம்மா ரெண்டு மாசமா இருமுதாக. போன தடவ அவுக பின்னாலயே போயிக் குடிச்சியே, அப்ப நோவு நெனப்பு வரலியோ?"

கல்லூரியில் எஃப்.ஏ. வரை படித்தவள் நான். என் பிள்ளையைச் சாதிக்குத் திரையாகப் பிடித்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அக்கா பைய என் முழங்கையைத் தொட்டார். "ஆண்டவர்னு பாட்டுல மட்டும் கூப்பிட்டாப் போதுமா? யாரு பக்கத்துல யாரு முழங்கால் போடணும்னு சொல்லுததையும் அவருட்டயே விட்டுரணும்லா."

அன்று நான் எழவில்லை. அவர் எழுந்தார். திரும்பி வந்து பிள்ளையை வாங்கி முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த திருவிருந்துகளிலும் நான் எழவில்லை; அவரும் கேட்கவில்லை. எழுவேன் என்று நம்பியிருப்பார். அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

இந்த மாதத் திருவிருந்தில் மறுபடி சாராளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்வரிசையிலிருந்து என் மாமியார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எங்கள் முறை வந்ததும் சாராள் ஒதுங்கி, "நீங்க முந்திப் போங்கம்மா" என்றாள்.

"நீ போயிட்டு வா. பொறவு நான் போறேன்."

அவள் திரும்பி வந்ததும் மகனை அவள் மடியில் விட்டு எழுந்தேன். பாத்திரத்தின் அடியில் ஒரு வாய்தான் மிஞ்சியிருந்தது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கடைசி இடம். யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.