காதர் நானாவின் மீன் கார்

கார் திருத்துகிறவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று துரு, மற்றது காரின் சொந்தக்காரர். துரு எதிர்க்கதை கதைக்காது என்பதால் எனக்கு எப்போதும் துருவைத்தான் பிடிக்கும். கையில் கிறீஸ் காயாத சகோதரர்களே, அறுபதுகளில் ஓமந்தையில் கராஜ் வைத்து நான் பட்ட பாட்டைக் கேட்டால், உங்கள் வாடிக்கையாளரைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள்.

தரை

காதர் நானா முல்லைத்தீவு மீன் வியாபாரி. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்ன இங்கிலீசுக் கார் ஒன்று வைத்திருந்தார். அதைச் செய்த வெள்ளைக்காரன் அந்தக் கதவை நாய்க்கும் குடைக்கும் என்று நினைத்து வைத்திருப்பான். நானா ஆட்கள் இருக்கும் பின் சீற்றைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, பெட்டி பெட்டியாக ஐஸ் போட்ட மீனை ஏற்றிக்கொண்டு தினமும் வவுனியாச் சந்தைக்கு ஓடினார். நானோ மீன் மச்சம் வாயில் வைக்காத சைவக் குடும்பம். அந்தக் கார் கராஜுக்கு வந்த நாட்களில் என் மனிசி குளிக்காமல் என்னைக் கிணற்றடிக்கு அப்பால் விடமாட்டாள்.

ஒருநாள் பின்னால் கிடந்த சாக்கைத் தூக்கினேன். தரை இருக்கவேண்டிய இடத்தில் கீழே மண் தெரிந்தது. உப்புத்தண்ணீர் தகட்டைத் தின்று முடித்திருந்தது. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வடிவாகப் பார்த்தார். "நல்லதுதானே தம்பி. ஐஸ் தண்ணி போறதுக்கு நான் ஓட்டை போடத் தேவையில்லை."

செதில்

அடுத்த மாதமே காரை ஓர் உழவு மெசின் இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் கொதித்து இறுகிப்போயிருந்தது. ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தேன். தண்ணீர் வரவில்லை. மீன் செதில் வந்தது, கை நிறைய. ரேடியேற்றரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் மனிதர் மீன்பெட்டியில் வடிந்த தண்ணீரை ஏந்தி ஊற்றியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் சாவியை நிலத்தில் எறிந்தேன்.

ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. கொழும்பிலும் புது எஞ்சின் கிடையாது. நானாவிடம் மீன் வாங்கும் சந்தைக் கடைக்காரரோ ஒரு கிழமை, ஏழே நாள்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் மீன் வராவிட்டால் மன்னார்ப் பக்கத்து ஆளிடம் வாங்கத் தொடங்கிவிடுவார். பிறகு நானாவுக்குச் சந்தையும் இல்லை, வீட்டில் உலையும் இல்லை. அந்த நிலையிலும் ஏன் அந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. "ஐஸ் தண்ணி எஞ்சினுக்குக் குளிர்ச்சி எண்டு நினைச்சன் தம்பி."

கூன்

செட்டிகுளத்தில் ஒரு வான் குடைசாய்ந்து, உடம்பு நசுங்கி, எஞ்சின் மட்டும் பிழைத்துக் கிடந்தது. அதையும் கியர்பெட்டியையும் கொண்டுவந்தோம். என்னோடு வேலை செய்த ஒட்டுவேலைக்காரர் செல்லையா அண்ணை அளந்து பார்த்துவிட்டு, ஆட்டுத் தொழுவத்தில் மாட்டைக் கட்டச் சொல்கிறாய் என்றார். ஆனாலும் ஐந்து நாள் வெட்டினார், ஒட்டினார், என்னையும் எஞ்சினையும் மாறி மாறித் திட்டினார். எஞ்சின் உள்ளே போய்விட்டது. எஞ்சினுக்கு மேல்மூடியான பொனற்தான் மூடவில்லை. அதன் நடுவில் வெட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து ஒட்டினார்.

நானா வந்து அந்தத் தகரத்தைத் தடவிப் பார்த்தார். சனம் சிரிக்குமே என்று தயங்கினார். செல்லையா அண்ணை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "கூனல் கிழவனும் சந்தைக்குப் போய்த்தானே வாறான்."

கியர்

ஏழாம் நாள் விடிய, மீனோடு முதல் ஓட்டம். வழியில் நின்றால் நீதான் பொறுப்பு என்று நானா முதல்நாளே என்னை முல்லைத்தீவுக்கு ஏற்றிப் போயிருந்தார். நெடுங்கேணி தாண்டியதும் கியர்த் தடி தன்பாட்டில் கழன்று நடுவில் வந்து நின்றது. போட்டால் மறுபடி கழன்றது. குடைசாய்ந்த வானோடு சேர்ந்து கியர்பெட்டியும் உருண்டது என்பதை நான் யோசிக்கவில்லை. நிறுத்தித் திருத்த நேரமும் இல்லை, அதுவரை ஐஸும் தாங்காது. நானா ஓட்ட, நான் இரண்டு கையாலும் தடியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வளைவுகளில் மீன்பெட்டி என் முதுகில் சரிந்தது. ஒரு பாரைமீன் தோளில் வந்து தலைவைத்துப் படுத்தது. தட்டிவிடக் கை இல்லை. புளியங்குளம் போனது, ஓமந்தை போனது, என் கராஜும் போனது. பிள்ளையாரே, வவுனியா மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று மனதாரக் கும்பிட்டேன்.

சந்தையில் மன்னார்க்காரர் ஏற்கெனவே பெட்டி இறக்கிக்கொண்டு நின்றார். கடைக்காரர் நானாவின் மீனைச் செவிள் தூக்கிப் பார்த்தார், பொனற்றைப் பார்த்தார், கடைசியில் உடம்பெல்லாம் செதிலோடு தடியை விட மறந்து இருந்த என்னைப் பார்த்தார். இன்றைக்கு எடுக்கிறேன், ஆனால் நாளைக்கும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றார். நானா கொஞ்சமும் கலங்காமல் என் தோளில் கைவைத்தார். "நாளைக்கும் வருவன். கியர் பிடிக்க ஆள் இருக்கு."

எஞ்சின் மாற்றிக் கொடுக்கிறவன் கடைசியில் அந்தக் காருக்கு ஓர் உதிரிப்பாகமாகப் போய்விடுகிறான் என்பதுதான், சகோதரர்களே, இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.