புள்ளி எட்டு அங்குலம்

என் கணவருக்குக் குரல்வளையை எடுத்துவிட்ட பிறகு எங்கள் வீட்டில் வாய் பேசுகிற ஆட்கள் நானும் என் மாமியாரும் மட்டும் என்றாகிவிட்டது. அதற்கு முன்பும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது என்று அவர் எழுதிக் காட்டினார். காகிதத்தில் எழுதித்தான் எதையும் சொல்ல முடியும் என்ற நிலையிலும் அந்த மனிதருக்குக் கிண்டல் மட்டும் குறையவில்லை.

அவர் பஸ் கண்டக்டர். தருமபுரிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் இடையே ஓடும் வண்டி. சந்தை நாளில் படிக்கட்டுவரை ஆள் தொங்கும்போதும் பின்பக்கத்திலிருந்து அவர் கொடுக்கும் குரல் டிரைவருக்குக் கேட்கும். புற்று வந்து உட்கார்ந்ததும் அதே தொண்டையில்தான். ஆபரேஷன் முடிந்ததும் கழுத்தின் அடியில் ஒரு துளை இருந்தது. இனிமேல் மூச்சு அந்த வழியாகத்தான். வாய்க்குக் காற்று வராது என்பதால் விசில்கூட ஊத முடியாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் அவரே விசிலை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நான் பார்க்காத மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

டிப்போவில் உட்கார்ந்து செய்யும் எழுத்து வேலைக்கு மாற்றினார்கள். வேலை போய்விடவில்லை, அதுவரை நிம்மதி. ஆனால் என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் எழுதுவதை நான் படித்துச் சொன்னால்தான் அத்தைக்கு விளங்கும். அவருக்கு லீவு கிடைத்து, நான் வேலைக்குப் போய்விட்ட நாட்களில், தாயும் மகனும் ஒரே வீட்டில் மாலைவரை கையாட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆளுக்கு ஒரு பக்கம் முறையிடுவார்கள். "நீ நல்லாத்தான் படிச்சுக் காட்டற கண்ணு. ஆனா எம்மவன் சொன்ன மாதிரி இல்ல, நீ சொன்ன மாதிரியே இருக்குது" என்றார் அத்தை ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

ஜெர்மனியிலிருந்து அந்தப் பார்சல் வந்தபோது நாங்கள் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். என் நாத்தனார் கன்னியாஸ்திரி, அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். குரல் இல்லாதவர்கள் கழுத்தில் அழுத்திப் பிடித்துப் பேசும் கருவி ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார். பொத்தானை அழுத்தினால் அதன் தலைப்பக்கம் அதிரும். அந்த அதிர்வு தொண்டைக்குள் போகும். நாம் வாயை அசைத்தால் போதும், அது சொல்லாகிவிடும். வழியில் யார் எதைத் தூக்கிப் போட்டார்களோ, பிளாஸ்டிக் ஓடு சுக்குநூறாக வந்தது. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டுக்கும் அதிரும் சுருளுக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியை மாட்டிப் பார்த்தேன். சுருள் முனகியது. ஆனால் சுருளையும் அதன் முன்னால் இருக்கும் தட்டையும் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருந்தது அந்த ஓடுதான். கையில் பிடித்தால் நழுவியது, கம்பி பிய்ந்தது. கருவி நன்றாக இருந்தது, அதற்கு ஒரு பெட்டிதான் இல்லை.

பெட்டி வரைவது என் வேலை என்று நான் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நான் பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அந்த வருடம்தான் எங்கள் கல்லூரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஏ.சி. போட்ட அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சாமி அறைக்குள் போவது போலப் போக வேண்டும். அதில் வரைபடம் போடும் 'கேட்' என்ற மென்பொருளும் இருந்தது. பிரின்ஸ்பாலிடம் கெஞ்சி சனிக்கிழமை மத்தியானங்களை வாங்கிக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெர்னியர் வாங்கி வந்து போர்டை அளந்தேன். அதன் துளைகள் எல்லாம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் இருந்தன. சரி, அதற்கு ஏற்றபடி அங்குலத்திலேயே வரைந்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். கருப்புத் திரையில் பச்சைக் கோடுகளாகப் போர்டு முதலில் வந்தது. அதைச் சுற்றிப் பெட்டி எழும்பியது. தப்பான கோட்டை பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டாம், ஒரு சொல் தட்டினால் போய்விடும். இத்தனை வருடம் பிளேடும் ரப்பருமாகத் தேய்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. என் கணவர் கைக்கு எது வாகாக இருக்கும் என்று பார்க்க, துணி துவைக்கும் சோப்புக் கட்டியைச் செதுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டே மறுகையால் எழுதினார்: "பேசறதுக்கு முன்னாடி வாயைக் கழுவணுமா?"

நீளம் 4.3, அகலம் 1.7, கனம் 0.8. எல்லா அளவும் அங்குலத்தில் என்று கீழே குறிப்பு போட்டேன். கடகடவென்று பிரின்டர் அடித்துக் கொடுத்த காகிதத்தை, அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் லாரிகளுக்கு டூல்பாக்ஸ் செய்து தரும் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். அலுமினியத் தகட்டை அவரைப் போல மடிக்க ஆள் கிடையாது.

"கம்ப்யூட்டரு போட்டதுங்களா டீச்சர்? கோடு ஒண்ணொண்ணும் என்னா சுத்தமா இருக்குது!" என்று காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாளில் பெட்டி வந்தது. விளிம்பெல்லாம் அரத்தால் ராவி, தொட்டால் வழுக்கியது. போர்டை உள்ளே வைத்தேன். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. திருகுத் துளைகள் ஒன்றுகூடச் சேரவில்லை. அளந்து பார்த்தேன். கனம் சரியாக ஓர் அங்குலம். அகலம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. பட்டறையில் நின்றபடியே கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டறைக்காரர் காகிதத்தை விரித்து விரலால் தொட்டுக் காட்டினார். "புள்ளிக்கு அப்பறம் எட்டு போட்டிருக்கீங்க. எட்டு நூலுன்னா ஒரு இஞ்ச்சு தானுங்களே? இங்க பாருங்க, ஒரு இஞ்ச்சு ஏழு நூலு. எட்டு நூலுன்னு எதுக்கு சுத்தி வளைச்சு எழுதியிருக்காங்கன்னு நானும் யோசிச்சனுங்க. கம்ப்யூட்டரு பாஷை போலன்னு உட்டுட்டேன்."

அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு நூல் என்பார்கள். ஆசாரி, கொத்தனார், தகட்டு வேலைக்காரர் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. அங்குலம் என்று நான் எழுதியிருந்தேன், அவரும் அங்குலத்தில்தான் செய்திருந்தார்; புள்ளிக்குப் பின்னால் நான் எழுதியது பத்தில் பங்கு, அவர் படித்தது நூல். இத்தனைக்கும் நான் பிறந்த இண்டூரில் எங்கள் வீட்டு நிலைக்கதவையே நூல் கணக்கில்தான் இழைத்தார்கள். ஒரு கம்ப்யூட்டரைக் கண்டதும் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

வீட்டில் என் கணவர் அந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்தார். கையில் பிடித்தார், கழுத்தருகே கொண்டுபோனார். போர்டு உள்ளே கடகடவென்று ஆடியது. நோட்டை இழுத்து எழுதினார்: "கொஞ்சம் துணி மடிச்சு வெச்சா போதும்."

"வேண்டாங்க. தகர டப்பா மாதிரி ஆடுது. நாலு பேர் முன்னாடி எடுத்தா சிரிப்பாங்க."

"பஸ் ஆடாததா? அதுல இருவது வருஷம் நின்னேன்."

நான் சிரிக்கவில்லை. அத்தை என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். போர்டைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் கை நீட்டியபடியே இருந்தார். மூன்றே வாரம், கச்சிதமாகச் செய்து கொண்டுவருகிறேன் என்றேன். அவரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போது நானும் நம்பினேன். உண்மை அதுவல்ல. கம்ப்யூட்டரில் நான் போட்ட முதல் படம் அது. அது துணி அடைத்த பெட்டியாக ஊரில் திரிவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றினேன். ஒரு சனிக்கிழமை பாதிவரை வந்தது. அடுத்த சனிக்கிழமை படத்தைச் சேமித்திருந்த ஃப்ளாப்பி திறக்கவே மாட்டேன் என்றது, முதலிலிருந்து வரைந்தேன். மூன்றாவது சனிக்கிழமைதான் முடிந்தது. மறுபடி அளக்க வேண்டியிருக்கும் என்று போர்டைக் கல்லூரியில் என் மேசை டிராயரிலேயே வைத்துப் பூட்டினேன். படத்தைப் பட்டறையில் கொடுத்தபோது பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. கல்லூரிக்கும் லீவு விட்டார்கள்.

அந்தத் தை மாதக் குளிரில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூக்கு வழியாகப் போகாமல் கழுத்துத் துளை வழியாக நேராக நுரையீரலுக்குப் போகிற மூச்சு. இரண்டே நாளில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. வலது கையில் ஊசி ஏற்றி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். விரல் மடங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. சின்ன வாக்கியம், நான்கைந்து சொல்தான் இருக்கும். எனக்குப் புரியவில்லை. தண்ணீரா என்றேன், இல்லை என்று தலையாட்டினார். அம்மாவைக் கூப்பிடவா என்றேன், அதுவும் இல்லை. மறுபடி அதையே சொன்னார், மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போல. மூன்றாவது முறையும் சொன்னார். அவருக்கு மூச்சிரைத்தது. அதைப் பார்க்க முடியாமல், புரிந்துவிட்டது போலச் "சரிங்க" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பொய் சொல்வது அவருக்குத் தெரியும், பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலை போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த பிறகு யார் யாரோ என்னென்னவோ ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அந்த உதட்டு அசைவு மட்டும்தான் கண்ணில் நின்றது. பாத்திரம் கழுவுவதைப் பாதியில் விட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று அதே மாதிரி உதட்டை அசைத்துப் பார்ப்பேன். எந்த எழுத்தில் தொடங்கினாலும் ஒரு வாக்கியம் வரும், எதுவும் அவர் சொன்னதாக இருக்காது.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்காரரே வீட்டுக்கு வந்தார். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். புதுப் பெட்டியை வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டு, "எங்கிட்டயே வெச்சுக்க மனசு வரலீங்க டீச்சர்" என்றார். அவரைப் பட்டறையில் வைத்துக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அழுகைதான் வந்தது.

மறுநாள் கல்லூரிக்குப் போய்ப் போர்டை எடுத்து வந்தேன். புதுப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். நான்கு திருகும் நேராக இறங்கின, மயிரிழை இடைவெளி இல்லை. மூடியை மூடாமல் போர்டைத் திரும்பக் கழற்றினேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அலமாரியிலிருந்து அந்தப் பழைய பெட்டியை எடுத்தேன். அவருடைய கைக்குட்டை ஒன்றை நான்காக மடித்து அடியில் வைத்து, போர்டை வைத்து அழுத்தி மூடினேன்.

என் கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மூச்சை நிறுத்திக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். வேறு என்ன கேட்பது?

"அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

கட்டைக் குரலில், ஓர் எழுத்து விடாமல், அந்தப் பெட்டி கேட்டது. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை கல்லில் அடிப்பதை நிறுத்திவிட்டு அங்கிருந்தே பதில் சொன்னார்.

"நா ஒண்ணும் சொல்லலியே, கண்ணு."