நாலு கார்டும் ஒரே மார்க்கும்

எங்கள் ஆபீசில் தண்ணீர்ப் பம்புகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். நான் வரைவதில்லை. வரைகிறவர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எதைக் கையில் கொடுத்தாலும் அளந்து எண் போட்டுவிடுவதால் எனக்கு 'மார்க்ஷீட்' என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். வாஷிங் மெஷின் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று ஒரு மாதம் குறித்துவைத்தேன். "துணி காயப்போடத்தான் ஆள் வேணும், நேரம் குறிக்க இல்ல" என்றாள் மனைவி. அவளுக்கு ஆராய்ச்சி மனம் கிடையாது என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் பதினொரு டிசைனர்களுக்கும் புது கிராபிக்ஸ் கார்டு வாங்க முடிவானது. பம்பைத் திரையில் திருப்பிப் பார்க்கும்போது படம் திக்காமல் ஓடுவது அந்தக் கார்டின் புண்ணியம். கடைக்காரர் சோதனைக்கு நான்கு கார்டுகள் அனுப்பியிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எது நல்லதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க" என்றார். அந்த 'நீங்களே' என் தலைக்கு ஏறிவிட்டது.

ஸ்டோர் ரூமில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கார்டாக மாட்டிச் சோதனை மென்பொருளை ஓட்டுவேன். நொடிக்கு எத்தனை படம் வருகிறதோ அதுதான் மார்க். அறையின் சூடு மாறக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, சட்டை முதுகோடு ஒட்ட வேலை பார்த்தேன். முடிவு வந்தது: 11.4, 11.2, 11.5, 11.3.

உள்ளங்கை அளவுக் கார்டும் செங்கல் அளவுக் கார்டும் ஒரே மார்க். வேறு யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஞானம் வந்தது. இருபத்தாறு பக்க அறிக்கை எழுதினேன். அதில் ஒன்பது பக்கம், அந்தப் புள்ளி மூன்று வித்தியாசம் எதனால் என்பதற்கே போனது.

மேனேஜரும் மூத்த டிசைனர் அக்காவும் ஸ்டோர் ரூமுக்கு வந்தார்கள். ஆபீசிலேயே பெரிய வரைபடங்கள் அக்காவுடையவைதான். நான் அறிக்கையை வாசித்துக்காட்டி ஏழாம் பக்கத்தில் இருந்தபோது அக்கா கேட்டார்.

"தம்பி, விலை மட்டும் நாலு மடங்கு வித்தியாசம். மார்க் எப்படி ஒண்ணா வருது?"

"அது கொஞ்சம் டெக்னிக்கல்க்கா. பதினாலாம் பக்கத்துல வருது."

அக்கா பதினாலாம் பக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. மேஜையைச் சுற்றிப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தார்.

"கார்டுல ஒயரே மாட்டலையே தம்பி. மானிட்டர் ஒயர் மேல இருக்கிற பழைய சாக்கெட்லதான இருக்கு?"

மூன்று வாரமாக நான் அளந்தது கம்ப்யூட்டரோடு பிறந்த சாதாரண கிராபிக்ஸை. நான்கு கார்டுகளும் சும்மா உட்கார்ந்து காற்று வாங்கியிருக்கின்றன. மேனேஜர் அறிக்கையை மெதுவாக மூடினார். "பேப்பர் நல்ல தரம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அக்கா தன் பம்பு வரைபடத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூவாயிரம் உதிரிபாகம். ஒயரை இடம் மாற்றியதும் முதல் கார்டே முப்பத்தெட்டைத் தொட்டது. மூன்றாவது எழுபத்து நாலு. நாலாவதான செங்கல் எழுபத்தாறு.

"திருப்பும்போது உங்களுக்கு எது நல்லா இருக்குக்கா?" என்று கேட்டேன். மூன்று வாரத்தில் ஒருவரிடமும் கேட்காத கேள்வி அது.

"மூணும் நாலும் எனக்கு ஒண்ணுதான். விலை குறைஞ்ச மூணாவதையே வாங்கிடுங்க."

புது அறிக்கை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. ஒயர் விஷயத்தை முதல் வரியிலேயே எழுதினேன். எழுத அரை நாள் ஆனது. வாக்கியம் என்னவோ ஒன்றுதான். வீட்டில் சொன்னபோது மனைவி கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பதினொரு கார்டும் வந்து, மாட்டி, ஓடுகின்றன. போன வாரம் மேனேஜர், "புது பிரிண்டர் வாங்கணும், நீங்களே டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார். கொஞ்சமும் வெட்கமில்லாமல், மறுபடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.