கோணாமலையர் கட்டிய ராசா வேஷம்

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் லண்டன் பிளேஸ்டோ வீட்டுச் சமையலறையில்தான் எமில்டா கோணாமலையரை முதன்முதலாகக் கண்டாள். மேல் அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். கீழ் அறைக்குப் புதிதாக வந்தவன் சிவானந்தன். பெற்றோல் ஷெட்டில் வேலை. அவனுடைய தகப்பன் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கட ஆக்களுக்கு அப்பாதான் தலைவர், அக்கா" என்றான் சிவானந்தன்.

இலங்கையின் கிழக்கே வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்கள் அவர்கள். எந்தக் குடும்பம் எந்தக் காட்டில் தேன் எடுப்பது, யார் எங்கே வலை போடுவது என்பதற்கெல்லாம் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. சண்டையில் குடியிருப்பு எரிந்த பிறகு மகன் அவரை வரவழைத்துக்கொண்டான். லண்டனில் அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று அவர்தான் மற்றவர்களைக் கேட்கவேண்டியிருந்தது. குளிரை விட அதுதான் அவரை வாட்டியது.

சிவானந்தனுக்கு வெள்ளிக்கிழமைகளில் ஷிப்ட். அதனால் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரியான எமில்டாதான் அவரை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் அங்கே அன்னதான வரிசையில் இரண்டு பேர் கைகலக்கப் பார்த்தார்கள். கோணாமலையர் தட்டைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் முதல்ல இருங்க. சாப்பிட்டுட்டுச் சண்டை பிடிக்கலாம்" என்றார்.

குரலை உயர்த்தவேயில்லை. இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் நின்ற யோகலிங்கம் தன் சோற்றை மறந்து அவரையே பார்த்தார். பகலில் தபால்காரர், மாலையில் நாடகக்காரர் அந்த மனிதர்.

"ஐயா, என்ர நாடகத்தில ராசாவா நடிப்பீங்களோ? ஆறு மாசமா உப்பிடி ஒரு குரலுக்கு அலையிறன்."

கோணாமலையருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எமில்டா இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டே வசனத்தை வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது அவளுக்கு முன்னே போய்விடுவார். வேலையால் களைத்து வரும் அவள், அந்த வசனங்களுக்காகவே படியேறாமல் சமையலறையில் தங்கிப்போவாள்.

ஒத்திகை பாதியில் முணுமுணுப்புக் கிளம்பியது. மந்திரியாக நடித்தவருக்கு அவர் யார் என்று தெரிந்துவிட்டது. வேடனுக்கு முன்னால் தான் கைகட்டி நிற்பதா என்று முறுக்கிக்கொண்டார். யோகலிங்கம் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. இரண்டாம் காட்சியில ஒரு வேட்டைக்காரன் வாறான். அதைச் செய்தா என்ன?"

எமில்டாவுக்கு முகம் சிவந்தது. கோணாமலையரோ சிரித்தார்.

"தம்பி, வேடனா இருக்க எனக்கு நடிப்பு என்னத்துக்கு? ராசா எண்டாத்தானே நடிக்கோணும்!"

அடுத்த ஒத்திகையில் யோகலிங்கம் மந்திரியாக நடித்தவரைத்தான் மாற்றியிருந்தார்.

நாடகம் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஒரு மாமரத்துக்காக அண்ணன் தம்பி வழக்கு. மரத்தை வெட்டி எறியச் சொல்லி ராசா கட்டளையிட வேண்டும். கோணாமலையர் வாயைத் திறந்தார், வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னால் வேஷ உடுப்புகளுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்த எமில்டா அதை முணுமுணுத்தும் பயனில்லை. அவர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

"மரத்துக்குத் தண்ணி ஊத்தினது ஆர்?"

அப்படி ஒரு கேள்வியே எழுத்தில் இல்லை. அண்ணனாக நடித்தவர் வியர்த்துப்போய், "அம்மா, அரசே" என்றார்.

"அப்ப அவவைக் கூப்பிடுங்க."

நாடகத்தில் அம்மாவே கிடையாது. யோகலிங்கம் எமில்டாவை மேடைக்குத் தள்ளிவிட்டார். கார்டிகனோடு, வாயில் குண்டூசியோடு போய் நின்றாள் அவள். மண்டபம் அதிர்ந்து சிரித்தது. ராசா மட்டும் சிரிக்கவில்லை.

"சொல்லு தாயே. இந்த மரத்தை என்ன செய்ய?"

அவர் கேட்ட விதத்தில் எமில்டாவுக்கு மண்டபம் மறந்துபோயிற்று. குண்டூசியை எடுத்துவிட்டு, "வெட்டாதேங்க. ரெண்டு பேரும் என்ர பிள்ளைகள்" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

அதன்பிறகு பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து, "ராசா, இருங்கோ" என்று இடம் கொடுத்தார்கள். அடுத்தடுத்து நாடகங்கள் வந்தன. ஒருதரம் ஆங்கிலத் தொலைக்காட்சியிலும் முகம் காட்டினார். எந்தத் தேசமென்று தெரியாத ஒரு தீவின் தலைவனாக, தலைநிறைய இறகோடு. "கோழிக்குக்கூட இவ்வளவு இறகில்லை மகள்" என்று எமில்டாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மெல்ல மெல்ல ஆட்கள் வழக்குகளோடும் வரத் தொடங்கினார்கள். வீட்டைப் பங்குபோட்ட சகோதரர்கள், பேச்சை நிறுத்திய சம்பந்திகள். சமையலறை நிறைந்திருக்கும், எமில்டா தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போவாள். அந்த இரைச்சலை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில், சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில், ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அகதி முகாமிலிருந்து சனங்கள் கரைக்குத் திரும்புகிறார்களாம், தலைவர் வரவேண்டுமாம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களோட கூட இருந்து பட்டினி கிடந்தவன் என்ர மருமகன். அவனைத் தலைவரா வைச்சுக்கொள்ளுங்க. நான் சொன்னதெண்டு சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அன்று மாலை ஒத்திகை இருந்தது. எமில்டா போகவேண்டாம் என்றாள். போனார்.

தொண்ணூற்றெட்டில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. மரண அறிவித்தலில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது, தலைவர் என்றா, நடிகர் என்றா என்று சிவானந்தன் கேட்டான்.

"நடிகர் எண்டு போடு தம்பி" என்றாள் எமில்டா. "மற்றதை அவரே குடுத்திட்டாரே."

சொல்லிவிட்டு, வந்திருந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட எழுந்து போனாள்.